கான் வெட்ட அனுமதி கேட்ட அக்காவுக்கு

என் அன்பு மெர்சி அக்கா,

உங்கள் நினைவாக நட்ட மரத்தை நான் பிடுங்கிவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் உங்களுக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். பெண் தலைமைத்துவத்துக்கு நீங்கள் முன்மாதிரி என்று பேசினார்கள். பராமரிப்புப் பிரிவின் பொறுப்புக்கு வந்த முதல் பெண் என்றார்கள். கடைசி நாள் வரை நிரந்தரமாக்காமல் உங்களைப் 'பதில் பொறுப்பாளர்' என்றே வைத்திருந்ததை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. பிறகு வெளியே வந்து ஒரு பலாக் கன்றை நட்டார்கள். எங்கே தெரியுமா? பெண்கள் விடுதிக்குப் பின்னால், மழைத்தண்ணீர் ஓடும் வடிகால் கானின் விளிம்பில். மரம் பெருத்தால் வேர் கானைப் பிளந்துவிடும். மறுநாள் காலையிலேயே தோண்டி எடுத்து மைதானத்துப் பக்கம் வைத்துவிட்டேன். நீங்களாக இருந்தால் கூட்டத்திலேயே எழுந்து தடுத்திருப்பீர்கள்.

நான் வேலைக்கு வந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? குழாய் வேலை படித்த சான்றிதழோடு வந்தவளிடம், ஆபீசில் இருந்தவர் விளக்குமாற்றைத் தூக்கிக் கொடுத்தார். தேயிலைத் தோட்டத்துப் பெண் என்றால் கூட்டத்தான் வந்திருப்பாள் என்று அவருக்கு நிச்சயம். நீங்கள் அதை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, என் கையில் ஸ்பேனரை வைத்தீர்கள். அங்கே நின்ற நம் பிரிவுச் சுனில் அண்ணன் சிரித்தார்.

"மிஸ், இந்தப் புள்ளைக்கு ஒரு கொழுந்துக் கூடையும் வாங்கிக் குடுங்க."

"கூடை எதுக்கு? ஒங்க ஏணியக் குடுங்க. நீங்கதான் அதுல ஏறுறதே இல்லையே."

எல்லாரும் சிரித்தார்கள். சுனில் அண்ணனும்தான். அன்றைக்கே அந்த ஏணியில் ஏறித் தண்ணீர்த் தாங்கியின் மிதவையை மாற்றினேன். நீங்கள் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டீர்களே தவிர, "பார்த்து, பார்த்து" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது.

புது விடுதி திறக்கும்போது உங்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. மாணவிகளிடம் சாவி போவதற்கு முன்னால், நம் பிரிவுப் பெண்கள் அங்கே ஒரு நாள் வாழ்ந்து பார்க்க வேண்டும். குளிக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், ஈரத்துணி போட இடம் தேட வேண்டும், இருட்டிய பிறகு வாசல் வரை நடந்து பார்க்க வேண்டும். இதெல்லாம் வீண் வேலை, பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம் என்றார் ஒரு பொறியியலாளர். கீழ்மாடிக் குளியலறை ஜன்னல் பாதைப் பக்கம் பார்த்திருந்தது. கண்ணாடி தெளிவான கண்ணாடி.

"அப்ப சார் ஒரு தடவ இங்க குளிச்சிட்டு வாங்க. நாங்க அந்தா, ரோட்டுல நிக்கிறோம்," என்றீர்கள்.

அந்த வாரமே மங்கல் கண்ணாடி வந்தது. அந்த விடுதியில் இருக்கிற பிள்ளைகளுக்கு உங்கள் பெயர் தெரியாது. தெரிய வேண்டாம் என்பீர்கள். எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

நீங்கள் சொன்னதிலேயே எனக்கு அதிகம் உதவியது இதுதான்: "கான் அடைச்சிருந்தா மொதல்ல தோண்டி விடு. கடிதமெல்லாம் பொறவு எழுதிக்கலாம். மழ ஒன்னோட கடிதத்துக்குக் காத்துக்கிட்டு நிக்காது." அனுமதி கேட்காமல் மண்ணை வெட்டியதற்காக எத்தனை தடவை உங்களிடம் விளக்கம் கேட்டார்கள்! சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுப்பீர்கள்.

அப்படிப்பட்ட நீங்கள், பசறைப் பக்கம் உங்கள் அம்மா இருந்த தோட்ட லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு கான் வெட்ட, ஏன் அக்கா அனுமதி கேட்டுக்கொண்டு நின்றீர்கள்?

இந்தக் கேள்வியோடுதான் தினமும் பஸ் ஏறுகிறேன். பதில் எனக்குத் தெரியும். தெரிவதால்தான் தூக்கம் வருவதில்லை.

லயத்துக்குப் பின்னால் மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீர் நேராக அஸ்திவாரத்துக்குள் போகிறது என்று முதலில் கண்டவர் நீங்கள். ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்களைக் கூட்டிவந்து, உங்கள் செலவிலேயே கான் வெட்டிவிடுகிறேன் என்று தோட்ட நிர்வாகியான துரையிடம் போய்ச் சொன்னீர்கள். அவர் முடியாது என்று சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார். திரும்பி வரும்போது பசறை பஸ் நிலையத்தில் வைத்து, அவர் குரலிலேயே எனக்குச் சொல்லிக் காட்டினீர்கள்.

"ஏன் மெர்சி, ஒங்க காம்பராவுல இருந்து இப்ப யாரு வேலைக்கு வாறா?"

யாருமில்லை. அம்மா ஓய்வு பெற்றுவிட்டார். அப்பா செத்துப்போய்விட்டார். உங்களுக்குப் பதுளையில் பல்கலைக்கழக வேலை. தோட்ட வேலைக்கு ஆள் இல்லாத காம்பரா வீட்டை எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம் என்பதைத்தான் அவர் அவ்வளவு மரியாதையாகச் சொல்லியிருந்தார். கொழுந்து பறித்தே தேய்ந்துபோன ஒரு மனுசிக்கு, அந்த ஒற்றை அறைகூடச் சொந்தமில்லை. பல்கலைக்கழகத்தில் நீங்கள் மிஸ். தோட்டத்து ஆபீஸ் வாசலில் நீங்கள் லயத்துப் பிள்ளை.

"அம்மா அங்கதான் சாவேங்குது. வெட்டிட்டா வெளிய போடுவாங்க. கொஞ்சம் பொறுப்போம் தர்ஷி," என்றீர்கள். அதற்கு முன்னால் உங்கள் வாயிலிருந்து 'பொறுப்போம்' என்ற வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

மழை பொறுக்கவில்லை. மண் இறங்கத் தொடங்கிய காலையில் அம்மாவை வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டு, மறுபடி உள்ளே போனீர்கள். பிரஷர் மாத்திரையும் அடையாள அட்டையும் எடுக்க. அட்டை இல்லாவிட்டால் நம்மை எங்கேயும் ஆளாக மதிக்க மாட்டார்கள் என்ற பயம் நம் சனத்துக்கு எவ்வளவு பழையது! அந்தப் பயம்தான் உங்களை உள்ளே அனுப்பியது. பின்சுவர் முழுதாக விழுந்தது.

கான் வெட்டியிருந்தால் நீங்கள் இருந்திருப்பீர்களா? எனக்குத் தெரியாது. மண்ணைப் பார்த்து அதைச் சொல்லக்கூடிய ஆள் நீங்கள்தான்.

இங்கே இப்போது நடப்பதைச் சொல்கிறேன். உங்கள் நாற்காலியில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். நானும் 'பதில்'தான். நிரந்தரமாக்க நேர்முகப் பரீட்சை வரப்போகிறது. விழுந்த மூன்று காம்பராவைத் தவிர லயத்தில் மற்றவர்கள் திரும்பிக் குடியேறிவிட்டார்கள். அதிகாரிகள் வந்து, இங்கே இருக்கக் கூடாது என்றார்கள். எங்கே போய் இருப்பது என்று சொல்லவில்லை. உங்கள் அம்மா அதே வரிசையின் மறுமுனையில், உங்கள் சித்தியோடு இருக்கிறார். தண்ணீர் இன்னும் அதே வழியில்தான் இறங்குகிறது.

போன கிழமை அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். துரையிடம் நான் ஒரு தடவை பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். அம்மா பிளேன்டீயை என் கையில் வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"கேக்காத புள்ள. எம் மக கேட்டா. கேட்டுட்டு வந்து உக்காந்திருந்தா. அவ ஒருநாளும் அப்பிடி உக்காந்த புள்ள இல்ல."

தேநீர் ஆறிப்போனது.

கான் மட்டும் போதாது, இவர்களுக்கு வேறு இடத்தில் சொந்த நிலமும் வீடும் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதற்கும் சண்டை போடுவோம். ஆனால் அடுத்த மழை அதற்கு முன்னாலேயே வந்துவிடும்.

நாமே போய்க் கானை வெட்டிவிடுவோம் என்று நம் பிரிவுப் பெண்களிடம் சொன்னேன். தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால் போதும், என் நியமனம் போய்விடும், அவர்களுக்கும் தொல்லை வரும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். ஒருத்தியும் பின்வாங்கவில்லை. கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த சுனில் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"மண் அள்ளக் கூடை வேணுமே. கூடை நான் கொண்டு வாறேன் தங்கச்சி."

நான் சிரிக்கப் பார்த்தேன். அழுகைதான் வந்தது. அவரும் திரும்பிக்கொண்டார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கான் வெட்டுகிறோம் அக்கா. பல்கலைக்கழகத்து மண்வெட்டி ஒன்றுகூட எடுக்கவில்லை, எல்லாம் எங்கள் வீடுகளிலிருந்து வருகிறது. வெட்டி முடித்த பிறகு, சேற்றுக் காலோடு துரையின் ஆபீசுக்கு நானே போய்ச் சொல்வேன். எங்கள் காம்பராவிலிருந்து அப்பா இன்னும் அந்தத் தோட்டத்தில்தான் வேலைக்குப் போகிறார். அந்தக் கேள்வியைத் துரை என்னிடம் கேட்கும்போது, அதைச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: இந்த லயத்துக்குப் பொறுப்பானவர்களில் யாராவது ஒரே ஒரு நாள் இங்கே வாழ்ந்து பார்த்திருக்கிறார்களா?

நான் பார்ப்பேன். உங்கள் வழக்கத்தை விட மாட்டேன். முதல் பெருமழை வரும் அன்று, உங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்து, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று காது கொடுத்துக் கேட்பேன். திசை மாறியிருந்தால் காலையில் கல்லறைக்கு வந்து சொல்கிறேன். மாறாவிட்டால், மறுபடி வெட்டுவேன்.

ஏணியின் மேலிருந்து,
உங்கள் தங்கச்சி தர்ஷினி