பொட்டு வைத்த குமிழ்கள்

மக்கா,

இன்று காலையில் மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன். உள்ளே ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கழக்கூட்டம் போய்த் திரும்பிய அன்று எப்படியோ என்னோடு வந்திருக்கிறது. விரல் நுனியில் வைத்து மோந்து பார்த்தேன். நீ மேடையில் வாசித்த சிந்தசைசரின் வாசனை அப்படியே வந்தது: சூடான தூசி, அதன் மேல் நீ போடும் துண்டின் வியர்வை. பொட்டிலிருந்து அந்த வாசனை எப்படி வரும் என்று கேட்பாய். கேட்டுவிட்டு, "பாதியாக் குறை" என்பாய்.

நான் எதைச் சொன்னாலும் உன் பதில் அதுதானே. ஒரு பகவதி கோயில் உற்சவத்தில் நம் குழுவின் கானமேளாக் கச்சேரி நடந்தபோது, பாட்டுக்கு முன்னால் வரும் உன் முகப்பு இசையைக் கேட்டு யானை தாளம் தப்பாமல் காதை ஆட்டியது என்று சாலைக் கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ டீயை ஆற்றிக்கொண்டே, "பாதியாக் குறை மக்கா, அது ஈ ஓட்டிச்சு" என்றாய். கடையே சிரித்தது. இருந்தாலும் யானை காதை ஆட்டியது என்னவோ உண்மை. அதை நீயும் மறுக்கவில்லை.

அந்த சிந்தசைசர் நமக்கு வந்த கதையையும் பலவிதமாகச் சொல்லியிருக்கிறேன். என் பாட்டில் மயங்கிய ஒரு கப்பல் கேப்டன் கையோடு கழற்றிக் கொடுத்தார் என்பது அவற்றில் சிறந்தது. வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது வாங்கியது என்பது உன் கதை. எப்படி வந்தாலும் சாமான் அசல் அனலாக். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும். பலகை நிறையக் குமிழ்கள். அவற்றைத் திருகித் திருகி ஒரு சத்தத்தைக் கண்டுபிடித்தால் அதைச் சேர்த்து வைக்க அந்தப் பெட்டிக்குத் தெரியாது. அடுத்த பாட்டுக்குக் கை வைத்தால் போனது போனதுதான்.

அதற்கு வழி கண்டவள் உன் வீட்டுக்காரி, கூடப் பிறக்காத என் தங்கச்சி. முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த பொட்டுகளை எடுத்து, குமிழின் முள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே ஒட்டினாள். முகப்பு இசைக்குச் சிவப்பு, காதல் பாட்டுக்குப் பச்சை, சோகத்துக்குக் கறுப்பு. வியர்வை பட்டு உதிராமலிருக்க மேலே நகப் பூச்சு. திருநெல்வேலி முதல் கொல்லம் வரை எந்தக் குழுவிலும் இப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. இதில் பாதி குறைக்க ஒன்றுமில்லை.

நீ போன அதே மழைக்காலத்தில் ஸ்ரீவராகத்தில் உங்கள் வாடகை வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. கட்டிலுக்கடியில் இருந்த அதுவும் முங்கிப் போனது. வெயிலில் வைத்தேன், அரிசிச் சாக்குக்குள் புதைத்தேன், சாம்பிராணிகூடக் காட்டினேன். எட்டாம் வகுப்போடு படிப்பு என்னைக் கண்டு பயந்து ஓடிவிட்டாலும், திறந்து பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, உள்ளே முழுக்கத் துரு. பொட்டுகள் மட்டும் அசையவில்லை. தங்கச்சி தன் நெற்றியில் வைப்பதை அதற்குள் நிறுத்தியிருந்தாள்.

உன் வருஷத் திதி நெருங்கியபோது அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மொகம் போட்டோல இருக்கு அண்ணே. பேச்சும் செல்லுல கொஞ்சம் கெடக்கு. அந்தச் சத்தம்தான் மறந்துட்டே வருது. ஒருக்க கேட்டாப் போதும்."

பழைய கேசட்டுகளைப் போட்டுப் பார்த்தோம். எல்லாவற்றிலும் என் குரல்தான். மிச்சமிருந்த இடத்தில் கூட்டத்தின் விசில். என் குரல் அவ்வளவு பெரிது என்று வாழ்க்கையில் முதல்முறையாக வருத்தப்பட்டேன்.

உன் மகள் ஸ்ரீஜா கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள் அல்லவா, அவள் தேடிப் பிடித்தாள். உன்னுடைய அதே சிந்தசைசர் இப்போது இரண்டு விதமாக வருகிறதாம். ஒன்று குளோன். வேறொரு கம்பெனி அதைப் பார்த்து மலிவாகச் செய்தது, பிரியாணிப் பொட்டலத்தைவிடச் சற்றுப் பெரிது. இன்னொன்று, பழைய கம்பெனியே மறுபடி இறக்கியது. அதே அகலம், அதே மரப் பக்கங்கள். அந்த விலைக்கு, ஓடுகிற நிலையில் ஒரு பழைய கார் வாங்கலாம். உள்ளே ஓடும் சர்க்யூட் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், மரத்துக்கும் பெயருக்கும் எதற்குக் கொட்டிக் கொடுக்க வேண்டும் என்று ஸ்ரீஜா கேட்டாள். அசல் அசல்தான் என்று நான் மேசையில் தட்டினேன். சும்மா தட்டவில்லை, காரணம் இருந்தது. குளோனில் குமிழ்கள் சுண்டைக்காய் அளவு; ஒரு பொட்டு வைத்தால் மூன்று குமிழை மூடிவிடும். பெரியதில் பலகை இம்மி பிசகாமல் உன்னுடையதேதான். உன் பொட்டுகள் இருக்கும் இடத்திலேயே புதுப் பொட்டு வைத்தால் உன் சத்தம் வந்துதானே ஆக வேண்டும்? இதைச் சொன்னபோது ஸ்ரீஜாகூட வாயடைத்துப் போனாள். ஊரிலுள்ள எஞ்சினியர்களுக்கெல்லாம் தோன்றாதது எனக்குத் தோன்றியது என்று அன்றைக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"அது சாரமில்லெ மாமா, பரவால்ல, எங்க ஆபீஸ்ல ராகேஷ்ட்ட ரெண்டும் உண்டு. கேட்டுட்டு தீருமானிக்கலாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை உன் செத்துப்போன பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் கழக்கூட்டம் போனோம், தங்கச்சி, ஸ்ரீஜா, நான். நெடுஞ்சாலையில் ஒரே நெரிசல். தங்கச்சி வழியெல்லாம் போர்வையைப் பிடித்தபடி வந்தாள். ராகேஷின் ஃபிளாட்டில் ஓர் அறை முழுக்கச் சாதனங்கள். நல்ல பையன். உன் பெட்டியைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் தொட்டான். (வீட்டுக்குள் அவன் செருப்பே போட்டிருக்கவில்லை. சரி, குறைத்துக்கொள்.)

பெரியதைத் திறந்து பக்கத்தில் உன்னுடையதை வைத்தோம். இரட்டைப் பிள்ளைகள்போல இருந்தன. தங்கச்சி கைப்பையிலிருந்து ஒரு பொட்டு அட்டையை எடுத்தாள். இந்த ஒரு வருஷம் அவள் தொடாத அட்டை. சிவப்பை மட்டும் ஒவ்வொன்றாக உரித்து, பழையதில் பார்த்துப் பார்த்துப் புதியதில் ஒட்டினாள். நான் குமிழ்களைப் பொட்டுக்குத் திருப்பினேன். பிறகு உன் முகப்பு இசையை ஒற்றை விரலால் வாசித்தேன். உன் அளவுக்கு இல்லாவிட்டாலும் அந்த இரண்டு வரி எனக்குத் தூக்கத்திலும் வரும்.

சத்தம் வந்தது மக்கா. புதுப் பாத்திரம் மாதிரிப் பளிச்சென்று, அசையாமல், யாரோ ஒருவருடைய சத்தம்.

தங்கச்சி என் முகத்தைப் பார்த்தாள். நான் எப்போதும்போல வாயைத் திறந்துவிட்டேன். "வந்துட்டு பாத்தியா, அச்சு அசல் அவனேதான்" என்றேன். அவள் ராகேஷின் பக்கம் திரும்பினாள்.

ராகேஷ் தயங்கித் தயங்கி விளக்கினான். உன் பெட்டியின் உள்ளுறுப்புகள் ஆண்டுக்கணக்கில் தேய்ந்து, ஒவ்வொரு குமிழும் தன் இடத்திலிருந்து விலகியிருக்கும். பொட்டு காட்டும் இடம் அந்த ஒரு பெட்டிக்கு மட்டுமே பொருந்தும். வேறு எதில் வைத்தாலும் வேறு சத்தம்தான். குளோனிலும் போட்டுக் காட்டினான். அதே அந்நியன், கொஞ்சம் மெலிந்தவன். இனி காதால் கேட்டுக் கேட்டுத்தான் தேட வேண்டும் என்றான்.

தேடினோம். அங்கேதான் கெட்டது. இன்னும் தடிமனாக இருக்கும் என்றேன் நான். மூக்கடைத்தாற்போல இருக்கும் என்றாள் ஸ்ரீஜா. தங்கச்சி முதலில் இரண்டுக்கும் தலையாட்டினாள், பிறகு இரண்டுக்கும் இல்லை என்றாள். ஒவ்வொரு திருகலுக்கும் அருகில் போவதுபோல இருந்தது. அடுத்த திருகலில் எதற்கு அருகில் போகிறோம் என்பதே தெரியாமல் போனது. வீட்டிலிருந்து கிளம்பும்போது என் காதில் தெளிவாக இருந்த உன் சத்தம் எங்கே போனது என்று நான் உள்ளுக்குள் தேடிக்கொண்டிருந்தேன். விடக்கூடாது என்று, "இப்ப சரியாட்டு வந்துட்டு தங்கச்சி, இதேதான்" என்றேன்.

அவள் கையை நீட்டி என் கையைக் குமிழிலிருந்து எடுத்துவிட்டாள்.

"பாதிகூட இல்லெ அண்ணே," என்றாள். "நிறுத்துங்க. உள்ளதும் போயிரும்."

அவ்வளவுதான். குளோனும் வாங்கவில்லை, பெரியதும் வாங்கவில்லை. ராகேஷின் பெட்டியிலிருந்து பொட்டுகளை நான்தான் உரித்தேன். அவள் பார்க்காமல் வாசலுக்குப் போய்விட்டாள்.

திதி நடந்தது. முகப்பு இசை இல்லை. சத்தத்தைப் பற்றி அவள் பிறகு கேட்கவே இல்லை. மறந்துவிட்டதா, மறக்காமலிருக்கத்தான் பேசாமலிருக்கிறாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. புலியைப் பார்த்து முறைத்தவன் நான். அந்தப் புலி மிருகக்காட்சிசாலையில் இருந்தது, தெரியும்.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும். மேடை விளக்கின் சூட்டில் உன் பெட்டியின் சுருதி இறங்கும் இல்லையா. முகப்பின் கடைசிச் சுரம் ஒரு நூல் தாழ்ந்துதான் வந்து நிற்கும். நான் அதைப் பிடித்துக்கொண்டுதான் பாட்டைத் தொடங்குவேன். அத்தனை வருஷமும் அப்படியே பாடிப் பாடி என் தொண்டை அங்கேயே தங்கிவிட்டது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பாடச் சொன்னார்கள். கீபோர்டு வாசித்தவன் பாதிப் பாட்டில் நிறுத்தி, மாமாவுக்கு சுருதி கொஞ்சம் கீழே நிற்கிறது என்றான். நான் அதே சுருதியிலேயே மிச்சப் பாட்டையும் பாடி முடித்தேன்.

இன்று காலையில் பொட்டைக் கண்ணாடிக் கூட்டிலேயே திரும்ப ஒட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பார்த்தேன். ஒரு நூல் தாழ்ந்துதான் வந்தது. நீ விட்ட இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வயதான தொண்டை இறங்கியதுதானோ என்றும் தோன்றுகிறது. அதில் எவ்வளவு நீ, எவ்வளவு என் புளுகு என்று பாதியாகக் குறைத்துச் சொல்ல நீ இல்லை மக்கா.