பதினொரு பெயரில் முதல் பெயர்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் தங்கச்சிக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, அங்கே உனக்கும் அப்படியே இருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். மற்றபடி சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் சொல்வதற்குள் "மா, வேலையில இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய், அந்த அப்புறம் வந்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் கடிதம், இதைப் பாதியில் வைக்க உனக்கு மனசு வராது என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் யாரையாவது திட்டிக்கொண்டே ஏறுகிறார், பெரும்பாலும் என்னைத்தான்.

தங்கச்சியின் பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு நீ தபாலில் அனுப்பினாயே தமிழில் வந்த நாலு புத்தகம், அந்த நாலையும் நான் படித்து முடித்துவிட்டேன். சிரிக்காதே. மாத்திரைச் சீட்டைத் தவிர வேறெதுவும் படிக்காதவள் ஏன் படித்தாள் என்று சொல்கிறேன். அவள் முதலில் படித்தாள், பிறகு எங்கள் தையல் கம்பெனியில் அவள் வரிசையில் இருக்கும் பெண்களுக்கு ஒவ்வொன்றாய்க் கொடுத்தாள். சாப்பாட்டு நேரத்தில் நாலு பேர் ஒரு புத்தகத்தில் தலையை விட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து, சூப்பர்வைசர் என்ற முறையில் நானே அதட்டியிருக்கிறேன். துணி காணாமல் போகிறது என்று மேனேஜர் சொன்னதிலிருந்து ஹாலின் பின்கதவை நாள் முழுக்கப் பூட்டி வைப்பது வழக்கம். சாவி என் இடுப்பில் இருக்கும். ஒரு நாள் இஸ்திரி மேஜைப் பக்கம் நீராவிக் குழாய் பிய்த்துக்கொண்டு, முன்வாசலுக்குப் போக முடியாமல் ஹால் முழுக்க ஆவி, நானோ சரக்கு ஏற்றுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஓடி வந்து திறக்கக் கால் மணி நேரம் ஆகிவிட்டது. பொத்தான் தைக்கிற பெண் கதவடியில் மூச்சுப்பேச்சில்லாமல் கிடந்தாள், கை வெந்திருந்தது. பிழைத்துக்கொண்டாள், ஆனால் அந்த விரல்கள் இனி ஊசி பிடிக்காது.

மறுநாள் காலை பதினொரு பெண்கள் மிஷினைத் தொடாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சத்தமில்லை, கோஷமில்லை, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் உன் தங்கச்சி. கதவுப் பூட்டை எடுத்தால் எழுந்திருப்போம் என்றாள், என்னைப் பார்த்து, அம்மா என்று கூப்பிடாமல். மேனேஜர் என்னிடம் "யார் யார்னு எழுதிக் குடுங்க" என்றார். எழுதினேன். முதல் பெயர் அவளுடையது. பெற்ற பெண்ணை விட்டுவிட்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது பார், அந்த ரோஷம். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு "உங்கள மாதிரி ஆளுதான் கம்பெனிக்கு வேணும்" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அன்று சாயந்தரமே பதினொரு பேரையும் நிறுத்திவிட்டார்கள். தங்கச்சி உனக்குப் போன் செய்தாளே, நான் அடுப்படியில்தான் இருந்தேன், எல்லாம் கேட்டது. "கதைய படிச்சுட்டு கதை மாதிரியே நடந்தா எப்படி, மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு வேலைக்குப் போ" என்றாய். அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் உன் கையெழுத்தில் "எதுக்கும் பயப்படாதே" என்று எழுதி அனுப்பியவனும் நீதான். தைரியத்தைத் தபாலில் அனுப்புவது சுலபம்.

அந்தப் புத்தகங்களில் அப்படி என்னதான் விஷம் இருக்கிறது என்று பார்க்கத்தான் எடுத்தேன். நாலும் ஒரே கதையின் பாகங்கள். மதில் சூழ்ந்த ஒரு நகரம், பதினைந்து வயசானால் பிள்ளைகள் தங்கள் நிழலைக் கோபுரத்தில் கொடுத்துவிட வேண்டும், நிழல் போனவர்களுக்குக் களைப்பும் இல்லை, மாட்டேன் என்று சொல்ல நாக்கும் இல்லை. நிழலைக் கொடுக்காமல் ஓடுகிற பெண்ணைப் பற்றித்தான் கதை. எனக்கு அவள் மேல் மனசு போகவில்லை. கோபுர வாசலில் ஒரு பொம்பளை உட்கார்ந்து வருகிற பிள்ளைகளின் பெயரை எழுதுவாள், ஒரு பிள்ளை அழுதால் "எனக்கு இடப்பட்ட வேலை" என்பாள், அவ்வளவுதான். இரண்டாவது புத்தகத்தில் ஒரு பக்கம் வருகிறாள். மூன்றிலும் நாலிலும் அவளைத் தேடித் தேடிப் படித்தேன், திருந்தினாளா, செத்தாளா என்று. இல்லை. தங்கச்சியிடம் கேட்டேன், மூன்று வாரத்தில் நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். யோசித்துவிட்டு "அவள யாரும் தேடல" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் தொழிலாளர் ஆபீசுக்குப் போனேன். பெண்கள் அங்கே கொடுத்திருந்த புகாருக்கு, பூட்டே கிடையாது என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. பூட்டு உண்டு, சாவி என்னிடம் இருந்தது, பூட்டச் சொன்னது மேனேஜர், பூட்டியது நான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்த அதிகாரியம்மா தண்ணீர் கொடுத்து, "இவ்வளவு நாள் ஏன் வரல" என்று கேட்டார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். பதினொரு பேரையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், பின்கதவில் பூட்டு போய்விட்டது. என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். அப்பா மூன்றாம் நாள்தான் "நல்லதுதான் செஞ்ச, கொஞ்சம் லேட்டு" என்றார்.

வேலை போனதற்காக அழுகிறேன் என்று நினைக்காதே. தங்கச்சி என்னை மன்னித்துவிடுவாள் என்று உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தேன் போல, அதுதான் பொய்த்துவிட்டது. காலையில் டப்பாவை நான்தான் கட்டுகிறேன். வாங்கிக்கொள்கிறாள். வாசலில் செருப்பு மாட்டும்போது "போய்ட்டு வரேம்ப்பா" என்கிறாள். அப்பா அப்போது குளியலறையில் இருப்பார்.

நீ நன்றாக இரு, நோய்நொடி இல்லாமல், யாருக்கும் தலை குனியாமல் இரு, உன்னை வாழ்த்துவதில் எனக்குக் குறையில்லை, கோபம் வேறு. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில்தான் இருப்பாள், அவளைக் கூப்பிட்டுப் பேசு. நான் சொல்லித்தான் கூப்பிட்டாய் என்று தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா