கோதண்டம் பெயர் போட்ட கோப்பை

அயனம்பாக்கம்,
ஈசுவர வருஷம், மாசி மாதம் 26-ம் தேதி.

சிரஞ்சீவி எத்திராஜுக்கு உன் அப்பன் திருவேங்கடம் மனசார ஆசீர்வாதம் பண்ணி எழுதுவது. உடம்புக்கு இங்கே ஒருவருக்கும் குறைவில்லை, அந்த மட்டும் பகவான் வைத்திருக்கிறார், அந்தக் குளிர் தேசத்தில் உனக்கும் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று திருவேற்காட்டு அம்மனை வேண்டிக்கொள்கிறேன். உன் அம்மா சௌக்கியம். ஆனால் வீட்டில் இல்லை. ஹாக்கி லீக் பரிசளிப்பு நடந்த நாளிலிருந்து அவள் மண்ணூர்பேட்டைச் சேரியில், வேம்புலி வீட்டில் இருக்கிறாள். படித்தவுடனே பதறாதே, அங்கே இங்கே தந்தி கொடுக்க ஓடாதே, முழுதும் படி. போய்க் கூட்டிவரச் சொல்லி ஊரே என்னை நெருக்குகிறது, நான் என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போன மாதம் வந்த உன் கடிதத்தில் நீ சமையல் வேலை பார்க்கிற கிளாஸ்கோ பட்டணத்தில் ஐஸ்பாளத்தின் மேலேயே ஹாக்கி ஆடுகிறார்கள், பூட்ஸுக்கு அடியில் கத்தி வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள், அதற்குக் கூலியும் உண்டு, வருஷக் கடைசியில் அதிகம் கோல் போட்டவனுக்கு ஒரு கோப்பை, கோல் காத்தவனுக்கு ஒரு கோப்பை, ஒழுங்காக நடந்துகொண்டவனுக்கு ஒரு கோப்பை என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஐஸு மேல இன்னாத்துக்கு ஓடறானுங்க, கீயே தண்ணி கீதே, ஒருத்தன் வுயுந்துட்டா இன்னா பண்ணுவானுங்க என்று கேட்டாள். நீ வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள், அதன் மேல் கால் வைக்காதே. நம் லீக் மட்டும் என்ன லேசா, அரிசி மில் கங்காதர முதலியார் கூலி கொடுத்து ஆள் சேர்த்து அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, காட்டுப்பாக்கம் என்று கட்சி கட்டி ஆட வைக்கிறார், மாசியில் பந்தல் போட்டுப் பரிசு கொடுக்கிறார். ஜெயித்த கட்சிக்குக் கேடயம். அதிகம் கோல் போட்டவனுக்கு வெள்ளி முலாம் பூசின மட்டை. நன்னடத்தை மெடல் வழக்கம்போல ஆவடிக் கட்சிச் செங்கல்வராயனுக்குத்தான், அவனுக்கு ஓடவே மூச்சு இல்லை, சண்டை போட எங்கே மூச்சு. இந்த வருஷம் புதிதாக ஒரு கோப்பை சேர்ந்தது. அது உன் தம்பி கோதண்டத்தின் பெயரில்.

கோதண்டம் போன பிறகு ஒரு திவசமும் கொடுத்தாகிவிட்டது. கார்த்திகையில் ஏரி தளும்பிக்கொண்டிருந்தபோது, ஆட்டம் முடிந்து குளிக்க இறங்கினவன் மதகடியில் சிக்கிக்கொண்டதையும், கூட இருந்தவர்கள் கரையில் நின்று கத்தியபோது வேம்புலி மட்டும் முங்கி அவனைத் தூக்கிவந்ததையும் உனக்கு அப்போதே எழுதினேன். வேம்புலி யார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும், நம் கழனியில் நாற்று நடுகிற தாயம்மா மகன். அம்பத்தூர்க் கட்சியில் கோதண்டம் கோல் காப்பான், அவனுக்கு முடியாத நாளில் இவன் நிற்பான். இப்போது என்றைக்கும் இவன்தான் நிற்கிறான். முதலியார் நல்ல எண்ணத்தோடு வெள்ளியில் ஒரு கோப்பை செய்து, கோதண்டம் ஞாபகார்த்தம், சிறந்த கோல்கீப்பருக்கு என்று வெட்டி, மார்கழியில் நம் வீட்டுக்கு எடுத்து வந்தார். பெற்றவர்கள் முதலில் பார்க்க வேண்டும், மாசி வரைக்கும் உங்களிடமே இருக்கட்டும் என்றார். ஜெயித்தவன் வீட்டில் அது ஒரு வருஷம் இருக்கும், மறு வருஷம் அடுத்தவன் வீட்டுக்குப் போகும், அதுதான் லீக் சட்டம். நானும் தலையாட்டி வாங்கி வைத்தேன்.

தையில் உன் தங்கை தாட்சாயிணிக்குக் கலியாணம். கலியாணத்துக்கு முன்னால் வீட்டில் இறந்தவர்களை ஏரிக்கரையில் போய் அழைத்து வர வேண்டும், நம் வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. பம்பைக்காரர்கள் வந்தார்கள். புதுப் பானையில் ஏரித்தண்ணீர் முகந்து, பூப்போட்டு, அவன் பெயர் சொல்லிப் பாடினார்கள், பாடினார்கள், அவன் வரவே இல்லை. உன் அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, வாடா கண்ணு, உன் தங்கச்சிக்குக் கண்ணாலம்டா, கோச்சிக்காதடா என்று கெஞ்சினாள். அப்போது அவள் கையிலிருந்த பானை வாய் பிளந்து இரண்டாகப் போனது. பம்பை அடித்த பெரியவர், ஏனமில்லாம திரும்பக் கூடாதும்மா, ஒருத்தர் வாய் வைக்காத ஏனம் ஒண்ணு கொண்டாங்க என்றார். வீட்டில் அடுப்பு ஏறாத, எச்சில் படாத பாத்திரம் எங்கே இருக்கிறது, கலியாணச் சமையல் நடக்கிறது. கோப்பை கீது, அவன் பேரு போட்டது என்று உன் அம்மாதான் சொன்னாள். யாரோ ஓடிப்போய் எடுத்து வந்தார்கள். நானும் சரி என்றேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், மாசியில் அது இன்னொருவன் கைக்குப் போக வேண்டியது என்பது எங்கள் ஒருவருக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. கோப்பை தண்ணீரில் முங்கின உடனே தாட்சாயிணிக்கு உடம்பு உதறியது. பல் கிட்டிப்போய், குளுருதும்மா, ஊட்டுக்கு இட்டுகினு போ என்றாள். எத்திராஜு, அது அவள் குரல் இல்லை.

அன்றைக்கு வந்தவன் வந்தவன்தான். சாமி மூலையில் கோப்பையை வைத்து மஞ்சள் குங்குமம் இட்டு விளக்கு ஏற்றினோம். வந்தவரை அவர் வந்த ஏனத்தை விட்டு மாற்றக் கூடாது, எவள் கையில் ஏந்தி வந்தாளோ அவளே தினம் விளக்கு வைக்க வேண்டும். உன் அம்மா அதுவரைக்கும் சரியாகச் சோறு தின்னாமல் கிடந்தாள், உனக்கு அதை எழுதவில்லை, கண் குழிந்து ஆளே பாதியாகிவிட்டாள். கோப்பை வந்த பிறகு எழுந்து குழம்பு வைத்தாள், மீன் வாங்கினாள், கோப்பையோடு பேசினாள், இன்னாடா பாக்கற, உப்பு கம்மியா கீதா என்று திட்டக்கூடச் செய்தாள். எனக்கு மட்டும் அந்த மூலைப் பக்கம் போனால் ஏரிச் சேற்று வாசனை அடிக்கும். கோதண்டம் பந்து வருமுன் கோல் கம்பத்தை மட்டையால் தட்டிப் பார்ப்பானே, வீட்டை விட்டுக் கிளம்பும்போதும் நம் கூடத்துத் தூணைத் தட்டிவிட்டுத்தானே போவான், அந்தத் தட்டல் பட்டப்பகலில் கேட்கும். மாடு தலையை ஆட்டுகிறது, ஜன்னல் கொக்கி ஆடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுந்து போய்ப் பார்ப்பேன். மாடு படுத்திருக்கும். ஜன்னல் சாத்தியிருக்கும்.

மாசி பிறந்ததும் முதலியார் ஆள் அனுப்பினார், கோதண்டம் கோப்பை வேம்புலிக்கு என்று கமிட்டியில் முடிவாகிவிட்டது, கொடுத்தனுப்புங்கள் என்று. நான் மில்லுக்கு ஓடிப்போய் விஷயத்தைச் சொல்லி வேறு கோப்பை செய்யுங்கள் என்று கேட்டேன். அவரும் நல்ல மனுஷர், செய்கிறேன் என்றுவிட்டார். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஊர் விடுமா. உன் பெரிய மாமன் முதல் மணியக்காரர் வரைக்கும் வீட்டுக்கு வந்து, நல்ல காரியம் பண்ண, ஊட்டு சாமி சேரிக்குப் போவுமா, குடுக்காத என்று என் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். எனக்கு உடம்பு கூசியது. நான் அதற்காகவா மறுத்தேன்? இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், சொல்லத் துணியவில்லை. அன்று சாயங்காலம் வேம்புலியே வந்து மாட்டுக்கொட்டகைக்கு அப்பால் நின்றான். எனக்குக் கோப்ப வேணாம் ஆண்டே, அவன் இங்கயே இருக்கட்டும், ஆனா நான் கோல்ல நிக்க சொல்லோ அவன் என் பின்னாலயே நிக்கறான் ஆண்டே, எடது பக்கம்டா, எடது பக்கம்டான்னு சொல்றான், திரும்பிப் பாத்தா யாரும் இல்ல, நான் தடுத்தது எதுவும் நான் தடுத்தது இல்ல, அந்தப் பரிச நான் வாங்கினா பாவம் என்றான். சொல்லிவிட்டு அழுதான். உன் அம்மா உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் குளித்துவிட்டு வந்து கோப்பையின் விளிம்பில் பூவை வைத்துக் கேட்டாள். போறியாடா, இருக்கியாடா, போறதுன்னா வலது பக்கம் குடு என்றாள். கையை எடுக்குமுன் பூ வலது பக்கம் விழுந்தது. காத்துல விழுந்துச்சுடி என்று நான் கத்தினேன். காத்துகூட அவனுக்குத்தான் சொல்லுது, உனக்கு இல்ல என்றாள். பிறகு மெதுவாக, அவன் பேர்ல குடுக்கறேன்னு சொல்லிட்டு குடுக்காம வச்சிகினா அவன் பேர்ல திருடின மாதிரி, அந்தப் புள்ள தண்ணிக்குள்ள போய் என் புள்ளயத் தூக்கியாந்தான், நீங்கள்லாம் கரையில நின்னுகினு இருந்தீங்க என்றாள். நான் கரையில்தான் நின்றிருந்தேன் எத்திராஜு, எனக்கு நீச்சல் தெரியாது என்பது உனக்கும் தெரியும்.

பரிசளிப்பன்று பந்தல் நிறையக் கூட்டம். கேடயம் கொடுத்தாயிற்று, மட்டை கொடுத்தாயிற்று, மெடலை வாங்கச் செங்கல்வராயன் ஏறினதற்குச் சிரிப்பும் கைதட்டலும். கடைசியில் முதலியார் கோதண்டம் பெயரைச் சொன்னார். உன் அம்மா கோப்பையைத் தண்ணீரோடு, பூவோடு, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சனத்துக்கு நடுவே நடந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. பெரிய மாமன் குறுக்கே வந்தான், அவள் நின்று அவன் முகத்தைப் பார்த்தாள், விலகிவிட்டான். வேம்புலி குனிந்து வாங்கினான். தண்ணி தளும்பாம இட்டுகினு போடா, நானும் வர்றேன், விளக்கு நான்தான் வைக்கணும் என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது இருவரும் மண்ணூர்பேட்டைப் பாதையில் போய்க்கொண்டிருந்தார்கள்.

அதிலிருந்து வீட்டில் தட்டல் சத்தம் இல்லை. கேட்டபோது பயமாக இருந்தது, கேட்காதபோது கண் மூட முடியவில்லை. தினம் சேரி முனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிடுவேன். ஒருநாள் தாயம்மா அங்கே எதிரே வந்து, அம்மா எங்க ஊட்ல கஞ்சி குடிக்கறாங்க ஆண்டே, எங்களுக்குச் சந்தோசம்தான், ஆனா ஊர்ல யாரும் கழனி வேலைக்கு வராதேன்னுட்டாங்க, இன்னும் இன்னா பண்ணுவாங்களோ என்று கையைப் பிசைந்தாள். உன் அம்மாவைத் திரும்பி வரச் சொல் என்றேன். சொன்னேன் ஆண்டே, புள்ளய உட்டுட்டு எப்டி வர்றதுன்னு கேக்கறாங்க என்றாள். நேற்றுச் சாயங்காலம் அந்தக் கூரை மேல் கல் விழுந்திருக்கிறது. வேம்புலிக்கு நெற்றியில் காயம். உன் அம்மா கோப்பை மேல் குனிந்து மறைத்துக்கொண்டாளாம், முதுகில் பட்டிருக்கிறது. எறிந்தவர்களை எனக்குத் தெரியும், நம் வீட்டுக் கலியாணச் சாப்பாடு சாப்பிட்டவர்கள். நான் அந்த வாசலில் உட்கார்ந்திருந்தால் ஒருவனும் கல்லைக் கையால் தொடமாட்டான். இது எனக்கு முதல் நாளே தெரியும்.

நீ அந்தக் குளிரில் மார்பை மூடிக்கொண்டு இரு, வெந்நீரில் குளி, தீர்க்காயுசாக இருக்க வேண்டும், உன் பெயரை எந்தப் பாத்திரத்திலும் வெட்டுகிற நாளை நான் பார்க்கக் கூடாது, அம்மன் உன்னைக் காப்பாற்றட்டும். இதை எழுதுகிற நடுவே எழுந்துபோய் மாட்டைத் தாட்சாயிணி வீட்டுக்கு ஓட்டிவிட்டு வந்தேன், இதை முடித்ததும் கதவைப் பூட்டிவிடுவேன். ஒன்று மறக்காதே, பதில் எழுதும்போது அயனம்பாக்கம் என்று போடாதே. மண்ணூர்பேட்டைச் சேரி, வேம்புலி வீட்டில் இருக்கும் திருவேங்கடத்துக்கு என்று தெளிவாகப் போடு. தபால்காரன் உள்ளே வரமாட்டான், நான் முனைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடியே இருக்கும் அப்பன்,
திருவேங்கடம்.