பல்லைத் தட்டிக் கையில் கொடுப்பவருக்கு

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் மனைவி மூன்று பேரும் சுகம். நீயும் சுகமாக, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நினைக்கிறேன். உன் மகளுக்குத்தான் சுகமில்லை, அதனால் குசலம் விசாரிப்பதை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். போனில் சொன்னால் சரிப்பா சரிப்பா என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது பார், அதற்காகத்தான் கூரியரில் அனுப்புகிறேன்.

நம் வாலுக்குக் கடைவாயில் ஒரு பால்பல் சொத்தையாகி, சீழ் வைத்து, கன்னம் பன் மாதிரி வீங்கியிருக்கிறது. சனிக்கிழமை நானும் உன் மனைவியும் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அந்த டாக்டரம்மா தங்கமான மனுஷி, வந்ததும் வாயைத் திற என்று அதட்டவில்லை, நாற்காலியை ஏற்றி இறக்கிக் காட்டினார், சின்னக் கண்ணாடியை இவள் கையில் கொடுத்து, இவள் தூக்கிக்கொண்டு வந்த கரடிப் பொம்மைக்கு எத்தனை பல் என்று பார்க்கச் சொன்னார். கரடிக்குப் பல்லே இல்லை, தைக்கிறவங்க மறந்துட்டாங்க என்று இவள் சிரித்துக்கொண்டே தன் வாயையும் திறந்தாள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் டாக்டரம்மா, இந்தக் கெட்ட பல்லை எடுத்து உன் கையிலேயே கொடுத்துடறேன் கண்ணு, வீட்டுக்குக் கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டு என்று ஆசையாகச் சொன்னார். அவ்வளவுதான். வீல் என்று கத்தி, டாக்டரம்மா விரலைக் கடித்து, தட்டைத் தள்ளிவிட்டுத் தெருவுக்கே ஓடிவிட்டாள். ஒரு ஸ்கூட்டர்காரன் பிரேக் போட்டதால் பிழைத்தாள். வீட்டுக்கு வந்து பீரோவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு அவள் அம்மாவிடம் என்ன கேட்டாள் தெரியுமா, அப்பா டாக்டர்கிட்ட சொல்லிட்டாராம்மா என்று.

புரிகிறதா உனக்கு? சாப்பாட்டைத் துப்பினால் ஒன்று, செருப்பை ஒளித்துவைத்தால் ஒன்று, பல்லைத் தட்டிக் கையில கொடுத்துடுவேன், பல்லைத் தட்டிக் கையில கொடுத்துடுவேன் என்று போனில் கத்துகிறாயே, உனக்கு அது வாய்க்கு வந்த பேச்சு. ஐந்து வயசுக் குழந்தைக்கு அது அப்பா சொன்ன சொல். நீ தூரத்தில் இருக்கிறாய், உன் கை எட்டாது, அதனால் வேறு ஆளை ஏற்பாடு பண்ணிவிட்டாய் என்று அது கணக்குப் போட்டுக்கொண்டது. வீடியோ காலில் ஏன் வாயைப் பொத்திக்கொண்டே பேசுகிறாள் என்று கேட்டு, நீதான் குழந்தை மனசைக் கெடுக்கிறாய் என்று உன் மனைவியை அழவைத்தாயே, அந்தப் பெண் ஆபீஸுக்கு லீவு போட்டு விடிய விடிய ஒத்தடம் கொடுக்கிறாள். வெட்கமாக இல்லையா உனக்கு? போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, வலிக்கவே வலிக்காது, அழாமல் இருந்தால் சைக்கிள் என்று வேறு ஆரம்பித்தாய். ஊசி போட்டால் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும். வலிக்காது என்று சொல்லி வலித்துவிட்டால் அப்புறம் நீ சொல்கிற எதையும் அவள் நம்ப மாட்டாள். வலித்தால் கையைத் தூக்கு, டாக்டர் உடனே நிறுத்துவார் என்று சொல், அது உண்மை, டாக்டரம்மாவே சொன்னது. இன்னொரு கூத்தையும் கேள். பயம் தெளியட்டும் என்று நான் சாய்வு நாற்காலியில் படுத்து, டார்ச்சை அவளிடம் கொடுத்து, தாத்தாவுக்கு நீதான் டாக்டர் என்று வாயைத் திறந்தேன். உற்றுப் பார்த்தாள். என் பல் செட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தேன், சிரிப்பாள் என்று. அவள் குரலைத் தாழ்த்தி, உங்களுக்கும் அப்பாதான் தட்டினாரா தாத்தா என்று கேட்டாள். இல்லடா கண்ணு, வயசாச்சு, தானா விழுந்துது என்றேன். உன்னை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறேன் என்று நினைத்திருப்பாள், நம்பவில்லை.

வீக்கம் வடிய மருந்து கொடுத்திருக்கிறார்கள், வடிந்ததும் மறுபடி கூட்டிக்கொண்டு போக வேண்டும். அப்போதும் ஓடினால் பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டுமாம், கேட்டதிலிருந்து உன் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால் இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே கூப்பிடு. அவளை வாயைத் திற என்று சொல்லாதே, முதலில் நீ திற, உன் பல்லை அவள் எண்ணட்டும். டாக்டரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, அப்படிப் பேசினது அப்பா தப்பு என்று சொல். முதலில் அவளிடம், பிறகு உன் மனைவியிடம்.

எவ்வளவு திட்டினாலும் நீ என் பிள்ளை, நன்றாக இரு, நீண்ட நாள் இரு. குளிருக்குக் காதை மூடிக்கொள், கூப்பிட மறக்காதே.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அப்பா

பின்குறிப்பு: யாருக்கு எழுதறீங்க என்று வந்து பக்கத்தில் நின்றாள். உன் அப்பாவுக்கு, ஏதாவது சொல்லணுமா என்று கேட்டேன். கரடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு யோசித்துவிட்டுச் சொன்னாள், கரடிக்குப் பல்லே இல்லன்னு எழுதுங்க தாத்தா, அதையாவது விட்டுடச் சொல்லுங்க என்று. எழுதிவிட்டேன்.