முற்றுகைப் படத்தில் பீரங்கிச் சத்தம் சேர்த்தது பற்றி

அனுப்புநர்:
கஜலக்சுமி வரதராசா,
டீட்டிகோன்.

பெறுநர்:
கலாசாரப் பொறுப்பதிகாரி அவர்கள்,
நகரசபை.

பொருள்: இறந்த என் மகன் மிருதங்கம் வாசித்த பேசாப்படத்தில் சேர்த்த வெடிச்சத்தத்தை நீக்கவும், அவனுடைய பதிவை அழிக்காமல் காக்கவும் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

என் மகன் ஜெனுசன் சென்ற மாதம் கார் விபத்தில் இறந்துபோனான். நான் அதிகம் படிக்காதவள். தமிழில் எழுதுகிறேன், மகள் ஹரிஷா இதை ஜெர்மனில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறாள்.

1. வரும் சனிக்கிழமை உங்கள் நகர மண்டபத்தில் நிழல்திரைக் குழுவினர் நூறு வருடத்துக்கு முந்திய பேசாப்படம் ஒன்றைக் காட்டுகிறார்கள். ஒரு கோட்டையைப் படை சூழ்ந்து, உள்ளே உள்ள சனத்தைப் பட்டினிபோட்டுப் பிடிக்கிற கதை. அதற்கு மிருதங்கம் வாசித்துப் பதிவுசெய்து கொடுத்தவன் என் மகன்.

2. எங்கள் குசினி மேசையில் படத்தை ஓடவிட்டுத்தான் வாசித்துப் பழகினான். பீரங்கி வெடிக்கும் இடத்தில் பலமாக அடித்தான். "அதிலை அடிக்காதை தம்பி. வெடிச்சாப் பிறகு ஒண்டும் கேக்காது, வாய் அசையிறதுதான் தெரியும்" என்றேன். வன்னியில் பதுங்குகுழிக்குள் அவனை மடியில் வைத்திருந்தபோது எனக்கு அப்படித்தான் இருந்தது. என் இடது காது இன்றும் கேட்காது. "நான் நித்திரையாப் போனன் எண்டெல்லோ சனம் நினைக்கும் அம்மா" என்று சிரித்தான். ஆனாலும் கையை எடுத்துவிட்டான். பதிவிலும் அப்படியே செய்தான். மதில் விழுந்து, ஒரு தாய் பிள்ளையைத் தேடி ஓடும் வரைக்கும் அவன் மூச்சுவிடுவது மட்டும் கேட்கும்.

3. குழுவின் திரு. எக்லி இப்போது அந்த இடம் முழுக்கப் பீரங்கிச் சத்தம் நிரப்பியிருக்கிறார். என் பிள்ளையின் மூச்சை இரைச்சல் என்கிறார். காட்சி முடிந்ததும் பழைய பதிவை அழிப்பதாக ஹரிஷாவுக்கு அறிவித்திருக்கிறார். எங்களிடம் வேறு பிரதி இல்லை. அவனுடைய கணினியும் அந்தக் காரில்தான் இருந்தது.

4. நான் சம்மதித்தேன் என்கிறார். செத்தவீட்டுக்கு மலர்வளையத்தோடு வந்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனில் நெடுநேரம் கதைத்தார். நான் "யா, யா" என்று தலையாட்டினேன். செத்தவீட்டில் யார் வந்து என்ன சொன்னாலும் நாங்கள் ஓம் ஓம் என்றுதான் சொல்வோம். வந்தீர்களே என்பதற்காகச் சொல்வது அது. பிள்ளை பெட்டிக்குள் கிடக்க, எனக்கு வேறென்ன விளங்கும்? அவரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவரும் அழுதார். அந்த யாவைச் சம்மதம் என்று எடுத்ததுதான் பிழை.

மண்டபம் உங்களுடையது. ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் தலையிட்டு, படத்தை அவன் வாசித்தபடியே காட்டச் செய்யுங்கள். முடியாவிட்டால் அவன் பெயரை எடுத்துவிட்டு, பதிவை என்னிடம் தரச் சொல்லுங்கள். அழிக்க மட்டும் விடாதீர்கள் ஐயா. எப்படியும் சனிக்கிழமை வந்து முன்வரிசையில் இருப்பேன். வலது காது எனக்கு நன்றாகக் கேட்கும்.

செத்தவீட்டில் சொன்ன ஓமை இந்த மனுவால் திரும்ப வாங்குகிறேன். இப்போது கேட்டால் என் பதில், இல்லை.

இடம்: டீட்டிகோன்
திகதி: 11.11.2025

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
வ. கஜலக்சுமி
(ஜெனுசனின் தாய்)