மாறிப்போன ரீல்

அன்புள்ள சிஸ்டர்,

நேற்று பேத்தியின் போனில் படம் பாதியில் நின்று, வெள்ளை வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில் உங்கள் கேள்வி காதில் விழுந்தது: "டீச்சர், கொட்டாய்ல படம் மாத்திருக்காங்க. வரீங்களா?"

அப்போது என் இரண்டு வயது மகன் காய்ச்சலில் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. பக்கத்து வீட்டு நர்ஸ் நீங்கள். அவனுக்குக் கடைசி ஊசி போட்டவரும் நீங்கள்தான். பீங்கான் சூளை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் கணவர் திகைத்து நின்றார். "ஊரு என்னா பேசும் சிஸ்டர்?"

"விருத்தாசலமே பாதி அங்கதாங்க இருக்கும். பேசட்டும்."

அவன் போனதிலிருந்து நான் அழவில்லை. பள்ளிக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். வேலையை விடுவதாகக் கடிதம் எழுதி வைத்திருந்தேன். ஏன் என்று கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

நீங்கள் பயிற்சி பெற்ற மனநல மருத்துவமனையில் மாதம் ஒரு படம் போட்டு, மறுநாள் நோயாளிகளோடு அதைப் பற்றிப் பேசுவார்களாம். "அவங்களப் பத்திக் கேட்டா வாயத் தொறக்க மாட்டாங்க. படத்துல வர்றவளப் பத்திக் கேட்டா கொட்டிடுவாங்க" என்பீர்கள்.

கடைசியில் உங்களோடு வந்தேன். சினிமாக் கொட்டகையில் ஒரே புரொஜெக்டர். ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போடுவார்கள். மணலில் உட்கார்ந்து, ஒவ்வொரு வெளிச்சத்திலும் கேட்டீர்கள்: "இப்ப அவளுக்கு எப்பிடி இருக்கும்?" தெரியாது என்றே சொல்லிவந்தேன்.

நடுவில் ஆபரேட்டர் ரீலை முன்பின்னாகப் போட்டுவிட்டார். குழந்தையைப் பறிகொடுத்த தாய், அடுத்த காட்சியில் பக்கத்து வீட்டுக்காரிகளோடு சிரித்துக்கொண்டிருந்தாள். "யோவ், தூங்கிட்டியா? ரீல மாத்துய்யா" என்று ஆண்கள் பக்கம் ஒரே விசில். எனக்கு அது ரீல் கோளாறாகத் தோன்றவில்லை. "புள்ளயப் பறிகுடுத்துட்டு எப்பிடிச் சிரிக்கிறா இவ?" என்று கத்திவிட்டேன். விளக்கு எரிந்தது.

"யாரு மேல கோவம் டீச்சர்?"

"என் மேலதான்."

அவன் போன பதினைந்தாம் நாள் பள்ளிக்குப் போயிருந்தேன். ஒரு சிறுமி வாய்ப்பாட்டைச் சினிமாப் பாட்டு மெட்டில் ஒப்பித்தாள். சிரித்துவிட்டேன். அன்றோடு நின்றவள்தான். அதை உங்களிடம் மட்டும் சொன்னேன்.

"சிரிச்சப்ப அவன மறந்துட்டீங்களா?"

"இல்ல."

"அப்பறம் என்னா?"

சரியான ரீல் ஓடத் தொடங்கிய பிறகும் அழுதுகொண்டிருந்தேன். முன்னால் இருந்த அம்மாள் திரும்பி, "படம் நல்லாருக்குது இல்ல?" என்றார். திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன்.

நீங்கள் மறைந்த பிறகும் அந்த வழியை நான் விடவில்லை. ஓயாமல் மற்ற பிள்ளைகளை அடித்துக்கொண்டிருந்த கம்மாபுரத்து மாணவியிடம், உனக்கு என்ன குறை என்று நான் கேட்கவில்லை. பார்த்த படத்தில் யாரைப் பிடிக்கும் என்றுதான் கேட்டேன். "வில்லன டீச்சர். அவன கடைசி வரைக்கும் யாரும் அடிக்க மாட்டாங்க." வீட்டில் அவளுக்கு அடி விழுகிறது என்று புரிந்தது. அன்று மாலையே போய் அவள் அப்பாவிடம் பேசினேன். படம் யாரையும் குணப்படுத்திவிடாது. ஆனால் பேச ஓர் இடம் கொடுக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதைப் படிப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், சிஸ்டர்: ஏதாவது காட்சியில் அளவுக்கு மீறிக் கோபம் வந்தால், படத்தை அங்கேயே நிறுத்தி, அது உண்மையில் யார் மேல் என்று ஒரு தாளில் பெயரை எழுதிப் பாருங்கள்.