மணி அடித்த பிறகும் பேசினேன்

முட்டி வலி காரணம் இல்லை, ஹன்சோல். நீ போனில் மாற்றி மாற்றிக் கேட்டாய், நானும் முட்டி முட்டி என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். முட்டி நன்றாகத்தான் இருக்கிறது. நேற்றுகூட மீன் சந்தையிலிருந்து நம் மேட்டுத் தெரு வரை பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தேன். நானும் அப்பாவும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளை எய்விந்தும் உன் வயிற்றிலிருக்கும் இன்னும் பெயர் வைக்காத அந்தச் சின்ன ஆளும் அங்கே பெர்கனில் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் என் வாயில் வருவது. நீ கேட்டதற்குப் பதில் போனில் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பிரசவத்துக்கு வந்து கூட இருங்கள் அம்மா என்றாய். வர முடியாது என்றேன். பெற்ற மகள் பிள்ளை பெறும்போது போய்க் கடற்பாசி சூப் வைத்துக் கொடுக்காத அம்மா இந்த ஊரில் எவள் இருக்கிறாள். நீ போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுதாய், இல்லையா. எனக்குக் கேட்டது.

எங்கே தொடங்குவது. போன இலையுதிர் காலத்தில் நம் திருச்சபையில் ஓட்டெடுப்பு நடந்தது. என் வயதுப் பெண்களை மூத்தவர்களாகத் தேர்ந்தெடுத்து குவொன்சா என்று பட்டம் கொடுக்கிற அதே ஓட்டெடுப்புதான். என்னோடு நின்றவர்களுக்கெல்லாம் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. நான் கை தட்டினேன். பூங்கொத்துகூட வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து அரிசி களையும்போது ஒரு வாக்கியம் வந்தது. அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவுதான். என்ன தெரிந்துவிட்டது என்று அது சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த நாள் அது இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தது. நீ யாருக்கும் வேண்டாதவள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. நூலகத்தில் நான் ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டியதும் எல்லோரும் சீக்கிரம் கிளம்பினார்களே, அதைக் கொண்டுவந்து காட்டியது. நீ போனைச் சுருக்கமாக முடிப்பதைக் காட்டியது. தினமும் சபையில் என் பக்கத்தில் உட்கார்ந்துவந்த பியோ அக்கா இப்போது உட்காருவதில்லை என்பதைக் காட்டியது. சாட்சிகளுக்குக் குறையே இல்லை. வேதத்தையே சந்தேகத்தோடு, பென்சிலோடு படித்தவள் நான். இந்த ஒரு குரலை மட்டும் எதிர்க் கேள்வி கேட்காமல் நம்பினேன்.

அந்த நேரத்தில்தான் நீ அழைத்தாய். அம்மா ஆகப் போகிறேன் என்றாய், வாருங்கள் என்றாய். சந்தோஷம் வந்தது, பொய் சொல்லவில்லை. அரை நிமிடம் இருந்திருக்கும். பிறகு அது சொன்னது, கடமைக்காகக் கூப்பிடுகிறாள், தினம் தினம் உன்னைப் பார்க்கிறவர்களுக்கே நீ வேண்டாம், அவளுக்கு எதற்கு. பிறகு ஒரு படம் போட ஆரம்பித்தது. உன் குழந்தை என் கையிலிருந்து நழுவுகிற படம். பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸில், கண்ணை மூடினால். கை நடுங்கும். நான் எப்படி வருவேன் என்று சொல், ஹன்சோல். முட்டி வலி என்றேன்.

விடியற்கால ஜெபத்துக்குப் போகாமல் இருந்தேன் என்று நினைக்காதே. ஒரு நாள் விடாமல் போனேன். அப்பா வழக்கம்போல் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, உள்ளே வராமல் ரேடியோவில் பழைய பாட்டுப் போட்டுக்கொண்டு வெளியே காத்திருப்பார். நான் உள்ளே போய் நாட்டுக்காக ஜெபித்தேன், மிஷனரிகளுக்காக, அப்பாவின் ரத்தக் கொதிப்புக்காக, உனக்காக. அழகான வாக்கியங்கள். அந்த ஒன்றைப் பற்றி மட்டும் கர்த்தரிடம் வாயே திறக்கவில்லை. அவருக்கும் அது தெரிந்த உண்மைதானே, சொல்ல என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். ஓட்டெடுப்புக்குப் பிறகு முன்வரிசையை விட்டுப் பின்மூலையில், பெரிய ஹீட்டருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஹீட்டர் போடுகிற சத்தத்தில் பிரசங்கம்கூடப் பாதிதான் கேட்கும்.

போன செவ்வாய்க்கிழமை போதகர் வழக்கத்தை மாற்றினார். இன்னைக்கு நாட்டுக்காக வேணாம், ஊருக்காக வேணாம், தனியா இருக்கும்போது உங்களுக்கு நீங்களே என்ன சொல்லிக்கிறீங்களோ அதை அவர்கிட்ட சொல்லுங்க, நல்லாயில்லாட்டியும் பரவாயில்ல என்றார். பிறகு எல்லோரும் எழுந்து மூன்று தடவை ஆண்டவரே என்று கூப்பிட்டு, அவரவர் ஜெபத்தை ஒரே நேரத்தில் உரக்கச் சொல்ல ஆரம்பித்தோம். உனக்கு ஞாபகம் இருக்கும், சின்ன வயதில் காதைப் பொத்திக்கொள்வாய். அந்த இரைச்சலுக்குள் ஒரு தனிமை இருக்கிறது. அருவிக்கு அடியில் நிற்பதுபோல். யாருக்கும் யார் சொல்வதும் கேட்காது. முதலில் உதட்டோடு சொன்னேன். நான் யாருக்கும் வேண்டாதவள். பிறகு கொஞ்சம் சத்தமாக. பிறகு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, மாதக்கணக்காக உள்ளே கிடந்ததெல்லாம் வந்தது. கோபமும் வந்தது. அவர்மேல்தான் கோபம் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஜெபத்தை முடிக்கச் சொல்லிப் போதகர் மேடைமணியைத் தட்டுவாரே, தட்டியிருக்கிறார். எல்லோரும் சட்டென்று நிறுத்தியிருக்கிறார்கள். ஹீட்டர் சத்தத்தில் எனக்கு மணி கேட்கவில்லை. அந்த நிசப்தத்தில் என் குரல் மட்டும், உச்சத்தில். "பியோ அக்காகூட என் பக்கத்துல உக்காரறதில்ல ஆண்டவரே! நான் போனா என் பொண்ணோட குழந்தையைக் கீழ போட்டுடுவேன்!" சொல்லி முடித்துத்தான் கண்ணைத் திறந்தேன். இத்தனை முகங்கள். வாழ்நாளில் அவ்வளவு அமைதியை நான் நூலகத்தில்கூடக் கேட்டதில்லை. செத்துப் போயிருக்கலாம் என்று இருந்தது. ஆனால் ஒன்று நடந்தது, அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். என் வாக்கியம் கூரையில் பட்டுத் திரும்பி வந்து என் காதில் விழுந்தது. அதை நான் முதல்முறையாகக் கேட்டேன். உள்ளே இருந்தபோது நீதிபதியின் குரலில் பேசியது. வெளியே வந்ததும் மழலைப் பள்ளிப் பிள்ளையின் புகார்போல் இருந்தது. அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை என்று. இதற்கா இத்தனை மாதம் பயந்தேன்.

முன்வரிசையிலிருந்து பியோ அக்கா எழுந்து திரும்பி நின்றார். சிப்பி உடைக்கிற கொட்டகையில் நாள் முழுக்க ரேடியோவுக்கு மேலே கத்திப் பேசுகிற குரல், உனக்குத் தெரியுமே. "ஏய் ஹன்சோல் அம்மா! எடத்த மாத்துனது நீயா நானா? அந்த ஹீட்டர் பக்கத்துல உக்காந்தா எனக்குத் தூக்கம் சொக்கிரும்டி. நான் குறட்டை விட்டா போதகர் சும்மா விடுவாரா?" என்றார். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். நானும் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை, மூக்கு ஒழுகியது. போதகர் மட்டும் சிரிக்கவில்லை. மணியை மேடைக்கு அடியில் வைத்துவிட்டு, அவங்க இன்னும் முடிக்கல, நாமளும் முடிக்க வேணாம் என்றார். மறுபடியும் மூன்று தடவை ஆண்டவரே என்று எழுந்தது. இந்த முறை அந்த அருவி எனக்காக விழுந்தது. ஹன்சோல் அம்மா, ஹன்சோல் அம்மா என்று என் பெயர் எல்லா மூலையிலிருந்தும் கேட்டது. வேண்டாதவளின் பெயரை இவ்வளவு சத்தமாக யாரும் சொல்ல மாட்டார்கள், இல்லையா. பியோ அக்கா வந்து, அஜீரணம் வந்தவளுக்குத் தட்டுவதுபோல் என் முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினார். சிப்பி உடைக்கிற கை. இன்னும் வலிக்கிறது.

பிறகு கீழே சமையலறையில் முள்ளங்கிக் கீரை சூப்பில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். ஓட்டெடுப்பைப் பற்றி நானே கேட்டுவிட்டேன், உங்களுக்கெல்லாம் என்மேல் என்ன குறை என்று. பியோ அக்கா வாயில் சோற்றோடு சொன்னார், "என்னை எத்தனை தடவை கழிச்சாங்க தெரியுமா? கடைசியில எதுத்து நின்னவளுக பாதிப் பேரு போய்ச் சேந்துட்டாளுக, அதான் கெடச்சுது. நீ நூலகத்துல சத்தம் போடாதீங்கன்னு சொல்லிச் சொல்லியே சபையிலயும் யார்கிட்டயும் பேசல. பாதிப் பேருக்கு உன் பேரே தெரியாது. இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு." குழந்தையைக் கீழே போட்டுவிடுவேன் என்ற என் பயம் அவருக்குப் பிடிபடவே இல்லை. "நீ தரையிலதானே உக்காருவ? தரையில உக்காந்தவ அதை இன்னும் எங்க கீழ போடப்போற?" என்றார். உன் வீட்டில் நாற்காலிகள்தான் இருக்கும், நான் ஒரு மெத்தை விரித்துத் தரையில் உட்கார்ந்துகொள்கிறேன், எய்விந்த் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டாரே. காரில் ஏறியதும் அப்பா, கண்ணாடியை ஏத்தித்தான் வச்சிருந்தேன், அப்பவும் கேட்டுது, நல்ல தொண்டை உனக்கு என்றார். வண்டியை நேரே வீட்டுக்கு விடாமல் துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார், நான் அழுது முடிக்கட்டும் என்று.

எல்லாம் ஒரே நாளில் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இன்று காலைகூட அடுப்படியில் வந்து நின்றது. வித்தியாசம் ஒன்றுதான். இப்போது அதை உள்ளேயே வைத்துக்கொண்டு பேசவிடுவதில்லை. சத்தமாகச் சொல்லி அவர் முன்னால் வைக்கிறேன். இதோ இப்படிச் சொல்கிறது, ஆண்டவரே, நீங்கள் என்னைப் பற்றிச் சொன்னது வேறு, இரண்டில் நான் எதைக் கேட்பது என்று கேட்கிறேன். கேட்ட மாத்திரத்தில் பாதி இளைத்துவிடுகிறது. மீதிப் பாதி இருக்கிறது, அதோடு அரிசி களைகிறேன். அவர் பதிலுக்குப் பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. இருக்கிறார். அது போதுமாக இருக்கிறது. போதகரின் மனைவி தூக்கத்துக்கு டாக்டரையும் பார் என்று விடாப்பிடியாகச் சொல்லி அவரே கூட்டிப் போனார். சின்ன மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தூங்குகிறேன். கை நடுக்கம் நின்றுவிட்டது.

இதையெல்லாம் உனக்கு எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீ என் மகள். முகவாய் என்னுடையது, பயப்படுகிற விதமும் என்னுடையது. பிள்ளை பெற்ற பிறகு மனம் சில நாள் யார் யார் குரலிலோ பேசும். நீ நல்ல அம்மா இல்லை என்று ஒன்று வந்து சொன்னால் உள்ளே வைத்துக்கொள்ளாதே. கர்த்தரிடம் சத்தமாகச் சொல். பக்கத்து அறையில் நான் இருப்பேன், என்னிடமும் சொல். ஆமாம், இருப்பேன். வருகிறேன், ஹன்சோல். நீ கடமைக்காகத்தான் கூப்பிட்டிருந்தாலும் வருகிறேன். குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே. காலில் எப்போதும் உறை போட்டுக்கொள். கனமானதைத் தூக்காதே, ஜன்னலை அகலத் திறந்துபோடுவது அந்த ஊர் வழக்கமாக இருக்கலாம், உன் அறையில் வேண்டாம் என்று எய்விந்திடம் நான் சொன்னதாகச் சொல். அப்பா வரவில்லை, பூண்டுப் பாத்தியை விட்டுவிட்டு எங்கே வருவது என்கிறார், ஆனால் பேரக்குழந்தை என்ற வார்த்தையை நாய்க்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

உன்னை உருவாக்கியவர் உன் வயிற்றிலிருப்பதையும் தன் உள்ளங்கையில் வைத்துக்கொள்ளட்டும். உன் தூக்கத்தையும் விழிப்பையும் அவர் காக்கட்டும். எந்த வாரத்தில் நான் அங்கே இருக்க வேண்டும் என்று டாக்டரைக் கேட்டு உடனே சொல், மறந்துவிடாதே.

தொங்யொங்கிலிருந்து
உன் அம்மா

பின்குறிப்பு: இதை எழுதி உறையில் போட்டுவிட்டுப் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கப் போனேன். சிரிக்கக் கூடாது என்றார் கடைக்காரர். மறுபடியும் எடுக்க வேண்டியதாயிற்று.